999-ல் 'ஏ' வந்தால் க்ளெய்ம் சேர்ந்துவிட்டதா?

அமெரிக்க மெடிக்கல் பில்லிங்கில் இருப்பவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் இடிஐ (கணினிக்குக் கணினி ஆவணப் பரிமாற்றம்) பக்கம் வேலை பார்ப்பவர். க்ளெய்ம் என்பது சிகிச்சைக் கட்டணம் கேட்டு காப்பீட்டு நிறுவனத்துக்கு (பேயர்) அனுப்பும் கோரிக்கை; 999 என்பது அனுப்பிய ஃபைலுக்குத் திரும்பி வரும் பதில் ஃபைல்.

கே: அண்ணா, க்ளெய்ம்களை அனுப்பும் 837 ஃபைலில் ஐஎஸ்ஏ, ஜிஎஸ், எஸ்டி என்று மூன்று தொடக்கம் எதற்கு?

ப: கூரியர் பைக்குள் கட்டு, கட்டுக்குள் தாள், அவ்வளவுதான். யார் யாருக்கு அனுப்புகிறார் என்பது ஐஎஸ்ஏ-வில். ஒரே வகைப் பரிவர்த்தனைகள் ஒரு ஜிஎஸ் கட்டில். க்ளெய்ம்கள் எஸ்டி-க்குள். திறந்த எண்ணோடுதான் மூட வேண்டும்: ஐஎஸ்ஏ13-ல் (ஐஎஸ்ஏ வரியின் 13-வது புலம்) உள்ள 9 இலக்க எண், அதை மூடும் ஐஇஏ வரியின் ஐஇஏ02-லும் அப்படியே இருக்கணும்.

கே: எங்களுக்கு டிஏ1 ரிஜெக்ட் மட்டும் வந்தது. 999 வரவே இல்லை.

ப: டிஏ1 பேசுவது வெளி உறையான ஐஎஸ்ஏ பற்றி மட்டும். அங்கேயே அடிபட்டிருக்கிறது, உள்ளே யாரும் பார்க்கவில்லை. ஐஎஸ்ஏ வரி முடிவுக்குறியோடு சேர்த்துச் சரியாக 106 எழுத்து. அனுப்புநர் ஐடிக்கு 15 இடம். ஐடி சின்னதாக இருந்தால் மீதியை ஸ்பேஸ் நிரப்பும். யாராவது எடிட்டரில் திறந்து "வெற்றிடம்தானே" என்று அழித்திருந்தால் கதை முடிந்தது. முதலில் அதை எண்ணிப் பாருங்கள்.

கே: 999-ல் 'ஆர்' (ரிஜெக்ட்), அதன் ஐகே5 வரியில் காரணம் 4 என்று வந்தால்?

ப: எஸ்டி-யை மூடும் எஸ்இ வரியில், எஸ்இ01-ல் போட்ட வரிக் கணக்கு தப்பு. எஸ்டி, எஸ்இ இரண்டையும் சேர்த்து எண்ணணும். ஃபைலில் கையால் ஒரு வரியைத் தூக்கியிருப்பீர்கள்.

கே: 997 தானே வரும் என்றார் சீனியர்.

ப: அது 4010 என்ற பழைய பதிப்பின் காலம். 2012 ஜனவரி 1 முதல் 5010 பதிப்பு, அதில் 999.

கே: சார், 999-ல் 'ஏ' வந்திருக்கு. எல்லாம் அக்செப்டட்னு மேனேஜர்கிட்ட சொல்லிடலாமா?

ப: சொல்லாதீங்க! 999 பார்ப்பது இலக்கணத்தை மட்டும். மெம்பர் ஐடி உண்மையானதா, டாக்டர் அந்த பேயரில் பதிவானவரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு க்ளெய்முக்கும் தனித்தனியாகப் பேசுவது 277சிஏ என்ற இன்னொரு பதில் ஃபைல். அதில் எஸ்டிசி வரியைப் பாருங்கள். ஏ1 என்றால் கைக்கு வந்தது, ஏ2 என்றால் பரிசீலனைக்குள் போனது. ஏ3, ஏ6, ஏ7 என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படித் திரும்பியதை டினையல் (பரிசீலித்த பின் மறுப்பது) என்று எழுதி அப்பீலுக்கு அனுப்பும் ஆட்களும் இருக்கிறார்கள்! பரிசீலனைக்கே போகாததற்கு அப்பீல் ஏது? திருத்தி மறுபடி அனுப்பணும். அமெரிக்க அரசின் காப்பீடான மெடிகேரில் சிகிச்சை நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு. 999-ஐ நம்பி உட்கார்ந்தால் அது ஓடிவிடும்.

கே: 277சிஏ-வில் வருவது எந்த க்ளெய்ம் என்று எப்படிப் பிடிப்பது?

ப: நீங்கள் 837-ல் சிஎல்எம்01 புலத்தில் போட்ட எண் 277சிஏ-வின் டிஆர்என்02-ல் திரும்பி வரும். ஒரே எண்ணை இரண்டு க்ளெய்முக்குப் போடாதவரை சிக்கல் இல்லை.