பேஸ்பால் ப்ளேஆஃப்ல நல்லா போட்டுட்டு இருக்கற பிட்சரை (பந்து போடறவரை) ஏன் பாதில எடுக்கறாங்க?

இதுக்குக் காரணம் 'மூணாவது சுத்து', அதாவது ஒரே பிட்சர் எதிரணியோட 9 பேட்டர்களுக்கும் ரெண்டு தடவை போட்டு முடிச்சு மூணாவது தடவை ஆரம்பிக்கறது, அதுக்குள்ள அவர் பந்து பேட்டர் கண்ணுக்குப் பழகிடும். ஒரே வித்தையை மூணு தடவை காட்டினா சின்னப் பையன்கூட கண்டுபிடிச்சிடுவான்ல, அதே கதைதான்.

2020 வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்க பேஸ்பால் ஃபைனல்) 6வது மேட்ச், ரேஸ் டீம் 1-0 லீட், அவங்க பிட்சர் ப்ளேக் ஸ்னெல் 9 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாம அவுட் ஆகறது) எடுத்துட்டு நிக்கறார், ஆறாவது இன்னிங்ஸ்ல ஒரு ஹிட் போனதும், மூணாவது சுத்து ஆரம்பிக்கற நேரம்னு மேனேஜர் கெவின் கேஷ் அவரை மாத்திட்டார். அடுத்து வந்த எதிரணி டாட்ஜர்ஸ் பேட்டர் மூக்கி பெட்ஸ் (ஸ்னெல்கிட்ட ரெண்டு தடவையும் ஸ்ட்ரைக்அவுட் ஆனவர்!) புது பிட்சர் பந்துல டபுள் (ரெண்டாவது பேஸ் வரைக்கும் ஓடற அடி) அடிச்சார், டாட்ஜர்ஸ் 3-1ல ஜெயிச்சு கப்பையும் தூக்கிட்டாங்க. நானா இருந்தா ஸ்னெல்லையே போட விட்டிருப்பேன்.

களைச்சுப் போனாதான் மாத்துவாங்கன்னு நினைக்காதீங்க, ஸ்னெல் அன்னிக்குப் போட்டது வெறும் 73 பந்து.