இங்கிலீஷ் தெரியாத அம்மாவும் திருத்தலாம்

அக்கா, பர்மாவின் பெகுவிலிருந்து நீங்கள் அனுப்பிய உங்கள் மகனின், நம் தம்பியின், வேலை விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தேன். எல்.சி.சி.ஐ. என்கிற வணிகத் தேர்வில் லெவல் 3 முடித்திருக்கிறான், ரங்கூன் பயின்னவுங் மொத்தச் சந்தையில் ஒரு பருப்பு வியாபாரியிடம் இரண்டு வருடம் கணக்கு பார்த்திருக்கிறான், இருந்தும் விண்ணப்பம் போட்ட எந்தக் கம்பெனியிலிருந்தும் பதில் இல்லை, ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற இங்கிலீஷ் தேர்வுக்கான வகுப்பில் சேர்த்துவிடட்டுமா, நகையை வைத்தாவது பணம் கட்டிவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். அந்தச் சான்றிதழ் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அவன் விண்ணப்பிக்கும் ரங்கூன் கம்பெனிகள் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. வெளிநாட்டில் மேல்படிப்பு என்று முடிவான பிறகு எழுதினால் போதும். அப்புறம், அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதியிலேயே இலக்கணம் என்பது நான்கு அளவுகோல்களில் ஒன்றுதான். கேட்டதற்குப் பதில் சொன்னாயா, கோவையாகச் சொன்னாயா, பொருத்தமான சொல்லைப் போட்டாயா என்பவை மற்ற மூன்று. தம்பி இப்போது உழைக்க வேண்டியது இந்த மூன்றில்தான்.

அவன் எழுதிய முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். 'ஐ ஆம் ஹேவிங் டூ இயர் எக்ஸ்பீரியன்ஸ் இன் அக்கவுண்ட் லைன்.' 'ஆம் ஹேவிங்' தப்பு, 'ஹேவ்' போதும். 'எனக்கு இருக்கிறது' என்று நினைத்து நினைத்து நம் ஆட்களுக்கு அது அப்படி வந்துவிடுகிறது. 'இயர்' என்பதில் 'ஸ்' விழுந்தது பர்மியப் பழக்கம். பள்ளிக்கூடம் முழுக்க பர்மியத்தில் படித்த பிள்ளைகளுக்கு, அந்த மொழியில் சொல்லின் கடைசியில் 'ஸ்' ஒலியே கிடையாது என்பதால், பேசும்போது விட்டது எழுதும்போதும் விட்டுப்போகிறது. இதற்காக அவனைத் திட்டாதீர்கள், இரண்டும் ஒரு வாரத்தில் சரியாகிற விஷயம். படிக்கிற மேலாளருக்கும் இந்தத் தப்புகளால் பொருள் புரியாமல் போகாது. அவருக்குப் புரியாமல் போவது 'அக்கவுண்ட் லைன்' என்கிற இடம். பில் போட்டானா, கல்லாவில் இருந்தானா, பேரேடு எழுதினானா, வங்கிக்குப் போய் வந்தானா? இலக்கணப்படி தப்பே இல்லாத வரி கூட இப்படி ஒன்றும் சொல்லாமல் நிற்கலாம், நான் பார்க்கிற விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இந்த நோய்தான்.

அடுத்த வரி, 'ரெஸ்பான்சிபிள் ஃபார் ஆல் கோடவுன் வொர்க்'. இதைப் படித்துவிட்டு அவனுக்குப் போன் போட்டேன். தமிழில்தான் கேட்டேன், கோடவுனில் நீ என்னப்பா செய்வாய் என்று. தினமும் சாயங்காலம் மூன்று கோடவுனிலும் உளுந்து மூட்டை, துவரை மூட்டை எல்லாவற்றையும் எண்ணி, பேரேட்டில் இருக்கிற இருப்போடு ஒத்துப் பார்ப்பானாம். குறைந்தால் எந்த லாரி, எந்தச் சீட்டு என்று பின்னாலேயே போய்க் கண்டுபிடிப்பானாம். ஒரு தடவை ஒரே லாரிச் சரக்கை இரண்டு முறை வரவு வைத்திருந்ததைப் பிடித்துக் கொடுத்திருக்கிறான். அக்கா, நான் கேட்டுக்கொண்டே எழுதிக்கொண்டேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். இவ்வளவு விவரமாகத் தமிழில் சொல்லத் தெரிந்த பிள்ளை, இங்கிலீஷ் என்றதும் எங்கேயோ பார்த்த பெரிய வார்த்தை ஒன்றை எடுத்து இதையெல்லாம் மூடிவிட்டான். அவன் சொன்னதை அப்படியே போட்டால் 'ஐ கவுண்டட் த ஸ்டாக் இன் த்ரீ வேர்ஹவுசஸ் எவ்ரி ஈவ்னிங் அண்ட் செக்ட் இட் அகென்ஸ்ட் த லெட்ஜர்'. இதில் ஒரு கடினமான சொல்லும் கிடையாது. கோடவுன் என்பது இங்கேயும் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் புரியும், மற்றவர்களுக்காக வேர்ஹவுஸ் என்று மாற்றினேன், அவ்வளவுதான்.

அவன் கடையிலிருந்து சென்னை வியாபாரிக்குப் போன ஒரு மின்னஞ்சலையும் மாதிரிக்காகச் சேர்த்திருந்தான். 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அட் த எர்லியஸ்ட்' என்று முடிகிறது. ஆவன செய்யவும் என்பதன் இங்கிலீஷ் இது. வெள்ளைக்காரன் காலத்து அலுவலக மொழி, நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. ஆவன என்றால் எது? எர்லியஸ்ட் என்றால் எந்தக் கிழமை? தம்பியிடம் கேட்டால், பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பலில் ஏற்றும் சரக்குக்கான சீட்டு, அதன் வரைவை அவர்கள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், வியாழன் சாயங்காலத்துக்குள் சொன்னால்தான் கப்பல் கம்பெனியிடம் கொடுக்க முடியும் என்கிறான். அதைத்தானே எழுத வேண்டும்! யார், எதை, எப்போதைக்குள் என்ற மூன்றும் இருந்தால் அந்தக் கடிதம் வேலை செய்யும், மரியாதைக்கு முன்னால் ஒரு 'ப்ளீஸ்' போதும்.

இங்கே இன்னொன்று, இது காசு சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 'ப்ளீஸ் பே அன்டில் ஃப்ரைடே' என்று எழுதியிருக்கிறான். அவன் மனதில் இருந்தது வெள்ளிக்கிழமைக்குள் கட்டுங்கள் என்பது, எழுதியதோ வெள்ளிக்கிழமை வரை கட்டிக்கொண்டே இருங்கள் என்கிற மாதிரி. 'க்குள்' என்றால் 'பை', 'வரை' என்றால் 'அன்டில்'. விலை வெள்ளி வரை செல்லும், பணம் வெள்ளிக்குள் வர வேண்டும். தமிழில் இந்த இரண்டையும் யாராவது குழப்புவோமா? மாட்டோம், காய்கறி வாங்கும் பாட்டி கூடச் சரியாகச் சொல்வார். அதனால்தான் முதலில் தமிழில் சொல்லிப் பார் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறேன்.

சில்லறைத் திருத்தங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அவனிடம் காட்டுங்கள். கேள்வி இருந்தால் 'டவுட்' வேண்டாம், 'கொஸ்டின்'. டவுட் என்றால் நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்ற தொனி வந்துவிடும். 'பாஸ்ட் அவுட்' என்பதற்கு மயங்கி விழுந்தேன் என்ற பொருளும் உண்டு, 'கம்ப்ளீட்டட்' என்று போடட்டும். 'டிஸ்கஸ்' பின்னால் 'அபவுட்' வராது. 'சின்ஸ் டூ இயர்ஸ்' இல்லை, 'ஃபார் டூ இயர்ஸ்'. தொடங்கிய வருடத்தையோ நாளையோ சொன்னால்தான் சின்ஸ். 'ரிவர்ட்' என்பதைப் பதில் சொல்வது என்ற பொருளில் சிங்கப்பூர் அலுவலகங்களில் சாதாரணமாகவே பயன்படுத்துகிறார்கள், அதைத் தப்பு என்று நான் அடிக்க மாட்டேன், ஆனால் 'ரிப்ளை' எல்லா ஊரிலும் புரியும். பர்மியத்தில் மரியாதைக்காக ஆசிரியரைப் போல சயா, சயாமா என்று நாம் கூப்பிடுகிற மாதிரி 'டீச்சர்' என்று கடிதம் தொடங்குவதையும் விட்டுவிடட்டும், மிஸ்டர் அல்லது மிஸ் போட்டுப் பெயர் எழுதினால் போதும்.

நேர்முகத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. போன வருடம் மோல்மீனிலிருந்து வந்த ஒரு தங்கையிடம், 'நீங்கள் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரித்ததில்லையா?' என்று இங்கிலீஷில் கேட்டார்கள். அவள் 'எஸ்' என்றாள். தமிழிலும் பர்மியத்திலும் அப்படித்தான், 'ஆமாம், தயாரித்ததில்லை'. இங்கிலீஷ்காரர் காதில் அது தயாரித்திருக்கிறேன் என்று விழுந்தது, அடுத்த கேள்வியே சரக்கில் பூச்சியும் பயிர்நோயும் இல்லை என்கிற சான்றிதழ் எப்படி வாங்குவீர்கள் என்று வந்ததும் பிள்ளை திணறிப்போனாள், பொய் சொன்னதாக நினைத்துவிட்டார்கள். என்னிடம் வந்து அழுதாள், எனக்கும் மனசே சரியில்லை. தம்பியை இதற்கு நன்றாகப் பழக்க வேண்டும்: இல்லாத விஷயம் என்றால் கேள்வி எப்படி வந்தாலும் 'நோ, ஐ ஹேவன்ட்', இருந்தால் 'எஸ், ஐ ஹேவ்'. ஒற்றைச் சொல்லில் நிறுத்தவே கூடாது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, நான் எப்படி அவனுக்கு உதவுவது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள் அக்கா. நீங்கள்தான் உதவ முடியும். ராத்திரி சாப்பிட்டதும் அவன் எழுதிய இங்கிலீஷ் வரிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் கேளுங்கள். எத்தனை மூட்டை? யாரிடம் கொடுத்தாய்? எப்போதைக்குள்? நீ தனியாகவா, முதலாளி கூடவா? நீங்கள் கேட்டதற்கு அவன் வாயில் பதில் இருந்து தாளில் இல்லையென்றால், அந்த வரியைத் திரும்ப எழுதட்டும். 'ஸ்' விட்டது, 'தி' விட்டது எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

விண்ணப்பம் ஒரு பக்கம் போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லுங்கள், அந்த லாரி விஷயத்தை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.