வருகிறது, ஆனால் போகவில்லை: மின்னஞ்சல் கேள்வி பதில்

கேள்வி: நெட் கம்பெனியை மாற்றினேன். மெயில் வருகிறது, அனுப்பினால் போகவில்லை. கஸ்டமர் கேரில் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்கிறார்கள்.

பதில்: மோடம் பாவம், அதை விடுங்கள். மெயில் வரும் வழி வேறு, போகும் வழி வேறு. மெயில் ஆப்பில் அனுப்பும் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை) செட்டிங்கில் போர்ட் (இணைப்பு வாசலின் எண்) 25 என்று இருக்கிறதா பாருங்கள். பழைய கம்பெனி அதைத் திறந்து வைத்திருக்கும், புதியது மூடியிருக்கும். 587 போட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ் (மெயிலை வழியில் யாரும் படிக்காமல் காக்கும் முறை) தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் 465 போட்டு எஸ்எஸ்எல், அதுவும் அதே வகைக் காவல்தான். அனுப்பும் பக்கத்திலும் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கேள்வி: எனக்கும் போகவில்லை.

பதில்: 587. மேலே படியுங்கள்.

கேள்வி: மாதாமாதம் பணம் கட்டுகிறேன். 25-ஐ மூட இவர்கள் யார்?

பதில்: வைரஸ் புகுந்த வீட்டுக் கணினி ராத்திரி முழுக்க ஸ்பேம் அனுப்பும், வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். 25 என்பது மெயிலைக் கையாளும் கணினிகளான சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும் வழி, அங்கே பாஸ்வேர்டு கேட்பதில்லை, அதனால்தான் மூடுகிறார்கள். நாம் அனுப்புவதற்கென்றே 1998-இல் 587-ஐ ஒதுக்கிவிட்டார்கள்.

கேள்வி (அவரே): நான் வீட்டிலேயே மெயில் சர்வர் வைத்திருக்கிறேன். என்னையும் ஏன் தண்டிக்க வேண்டும்?

பதில்: 25 திறந்திருந்தாலும் உங்கள் மெயில் போய்ச் சேருவது கஷ்டம். வீட்டு இணைப்பு ஐபிகளுக்கென்றே (ஐபி என்பது இணையத்தில் ஓர் இணைப்பின் முகவரி எண்) ஸ்பேம்ஹாஸ் என்ற ஸ்பேம் தடுப்பு அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதைப் பார்த்தே பல சர்வர்கள் கதவைச் சாத்திவிடும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: சொல்லாமல் மூடுவது அநியாயம். என் வீட்டிலும் அப்படி மூடினார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போச்சு.

கேள்வி (மறுபடி அவரே): அப்போ கேட்டால் திறந்துவிட வேண்டும்தானே?

பதில்: நிலையான ஐபி வாங்கியவருக்குத் திறக்கலாம். எல்லாருக்கும் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். சரி, அடுத்தவர் வரட்டும்.

கேள்வி: எங்கள் சங்க மடல் எல்லாருக்கும் ஸ்பேமில் விழுகிறது.

பதில்: உங்கள் டொமைனில் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் போடுங்கள், மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் அடையாளங்கள் இவை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இதில் கறார். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் மூன்றும் கட்டாயம். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. கேட்காதவருக்கு அனுப்பாதீர்கள், புகார் அங்கிருந்துதான் கிளம்பும்.

கேள்வி: ஸ்பேமில் 'அன்சப்ஸ்கிரைப்' அழுத்தலாமா?

பதில்: நீங்களே பதிவு செய்த கடை என்றால் தாராளமாக. முன்பின் தெரியாதவன் என்றால் தொடாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நீங்களே சொல்லிக் கொடுத்ததாகும். ஸ்பேம் பெட்டியை வாரம் ஒருமுறை பாருங்கள். ஜிமெயில் 30 நாளில் அழித்துவிடும்.

கேள்வி: ஐயா, அவசரம். மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை...

பதில்: ஐநூற்று எண்பத்தேழு!