வாசகர் கேள்விகள்: எண்ணெயில் கலந்த தண்ணீரும் எஃகில் ஒளிந்த துகளும்

அமெரிக்க ராணுவ விமானங்கள் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். விபத்துகள் குறித்த கேள்விகளே அதிகம் என்பதால் அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: 2025 ஜனவரியில் அலாஸ்காவில் ஓர் எஃப்-35 போர் விமானம் சுழன்று விழுந்து வெடிக்கும் வீடியோவைப் பார்த்தேன். உறைந்த தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். அவ்வளவு நவீன விமானத்தைத் தண்ணீர் எப்படி வீழ்த்தியது?

பதில்: இதைப் புரிந்துகொள்ள, லேண்டிங் கியரின் (சக்கரத்தைத் தாங்கும் அமைப்பின்) கால் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அது ஒரு பம்பு மாதிரி. உள்ளே ஹைட்ராலிக் எண்ணெயும் அழுத்தப்பட்ட வாயுவும் இருக்கும். விமானம் தரையில் நிற்கும்போது எடை தாங்காமல் கால் அமுங்கும். மேலே கிளம்பியதும் எடை நீங்கி நீண்டுகொள்ளும். அமுங்கியிருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்பதைச் சென்சார்கள் கணினிக்குச் சொல்லும். தரையில் இருக்கும்போது ஒரு விதமாகவும் வானில் வேறு விதமாகவும் விமானத்தைக் கட்டுப்படுத்துவது அந்தக் கணினி.

ஜனவரி 28 அன்று ஐல்சன் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய அந்த எஃப்-35ஏ விமானத்தின் முன்சக்கரம், காலுக்குள் எண்ணெயோடு கலந்திருந்த தண்ணீர் உறைந்ததால், முழுதாக உள்ளே போகவில்லை. திரும்ப இறக்கியபோது இடப்பக்கம் 17 டிகிரி கோணலாகத் திரும்பி மாட்டிக்கொண்டது. விமானி வானில் வட்டமடித்தபடியே, விமானத்தைத் தயாரித்த லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் ஐந்து பொறியாளர்களோடு சுமார் 50 நிமிடம் தொலைபேசிக் கலந்தாய்வில் இருந்தார். ஓடுபாதையை மெல்லத் தொட்டு உடனே எழுந்தால் சக்கரம் நேராகிவிடும் என்று முடிவானது. இரண்டு முறை முயன்றும் நேராகவில்லை. அதற்குள் பின்சக்கரக் கால்களுக்குள்ளும் தண்ணீர் உறைந்து, அவை முழுதாக நீள முடியாமல் போயின. கால் நீளவில்லை என்றால் எடை இன்னும் அதன் மேல் இருக்கிறது என்றுதான் சென்சார் புரிந்துகொள்ளும். பறந்துகொண்டிருந்த விமானம், தான் தரையில் ஓடுவதாக முடிவுசெய்து தரைக்கான கட்டுப்பாட்டு முறைக்கு மாறிவிட்டது. அதற்குப் பிறகு விமானி செய்யக்கூடியது எதுவும் இல்லை. அவர் பாராசூட்டில் இறங்கி உயிர் தப்பினார்.

விசாரணையில் அந்தக் கால்களிலிருந்து எடுத்த திரவத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீராக இருந்தது. தளத்தில் எண்ணெய்ப் பீப்பாய்களைக் கணக்கு வைத்துக் கையாண்ட முறையிலேயே ஓட்டைகள் இருந்தன என்று அறிக்கை சொல்கிறது. ஒன்பது நாள் கழித்து அதே தளத்தில் இன்னொரு எஃப்-35க்கும் இதே சிக்கல் வந்தது. அது பத்திரமாக இறங்கியது.

எங்களை மிகவும் வருத்துவது வேறொன்று. கடுங்குளிரில் இந்தச் சென்சார்கள் தவறாகச் சொல்லக்கூடும், அதனால் விமானத்தைக் கட்டுப்படுத்துவது கடினமாகலாம் என்று 2024 ஏப்ரலிலேயே லாக்ஹீட் ஒரு பராமரிப்பு மடலில் எச்சரித்திருந்தது. கலந்தாய்வில் இருந்தவர்கள் அதைப் புரட்டியிருந்தால், இரண்டாவது முறை தொட்டு எழச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரேயடியாக இறங்கி நிற்கவோ, பாதுகாப்பான இடம் பார்த்துக் குதிக்கவோ சொல்லியிருப்பார்கள்.

பீப்பாய்களைக் கையாள்பவர்களுக்குப் பொதுவாக ஒரு விஷயம். திறந்த வெளியில் நிமிர்த்தி வைத்த பீப்பாயின் மேல் மூடியைச் சுற்றி மழைநீரும் உருகிய பனியும் தேங்கும். இரவில் குளிர்ந்ததும் உள்ளே உள்ள காற்று சுருங்கி, மூடியின் திருகு இடுக்கு வழியாக அந்த நீரை உறிஞ்சும். பீப்பாயைப் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3, 9 நிற்கும் இடங்களில் இருக்குமாறு வைப்பது இதனால்தான். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, எனவே தண்ணீர் அடியில் தங்கும். மாதிரி எடுப்பவர் மேலிருந்து மட்டும் எடுத்தால் அதன் தடயமே கிடைக்காது.

கேள்வி: 2023இல் சவுத் கரோலைனாவில் விமானி குதித்த பிறகும் ஓர் எஃப்-35பி தானாகப் பறந்து காணாமல் போனதே, அது எப்படிச் சாத்தியம்?

பதில்: விமானம் பறக்கும் நிலையில்தான் இருந்தது. செப்டம்பர் 17 அன்று மேகத்துக்குள் இறங்கும்போது மின்கோளாறால் ஹெல்மெட் திரையும் ரேடியோவும் தடுமாறின. கட்டுப்பாடு போய்விட்டது என்று நினைத்து விமானி குதித்தார். மாற்றுக் கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. கணினி விமானத்தைச் சமநிலையில் பிடித்துக்கொண்டு 11 நிமிடம் 21 விநாடி, சுமார் 64 கடல் மைல் பறந்து போயிற்று. விசாரணை விமானியின் முடிவைத் தவறு என்றது. கூடவே, எதைக் ‘கட்டுப்பாடு இழந்த பறப்பு’ என்று சொல்வது என்பதற்குக் கையேட்டில் உள்ள விளக்கம் அளவுக்கு மீறி விரிந்திருக்கிறது என்றும் சுட்டிக்காட்டியது. இந்த இரண்டாவது பகுதியைச் செய்திகள் அதிகம் கண்டுகொள்ளவில்லை.

கேள்வி: ஆஸ்ப்ரே விமானத்தை ‘விதவை உற்பத்தி செய்யும் விமானம்’ என்கிறார்களே, உண்மையில் அதில் என்னதான் கோளாறு? சிலர் கிளட்ச் என்கிறார்கள், சிலர் கியர்பாக்ஸ் என்கிறார்கள். புதிதாக வரும் வி-280இலும் இதே சிக்கல் வருமா?

பதில்: இரண்டுமே உண்மை, ஆனால் இரண்டும் வேறு வேறு. முதலில் கிளட்ச்.

வி-22 ஆஸ்ப்ரே, ஹெலிகாப்டர் போல மேலெழுந்து விமானம் போலப் பறப்பது. அதில் இறக்கை நுனிக்கு ஓர் எஞ்சின். ஒன்று செத்தால் மற்றது இரண்டு சுழலிகளையும் சுற்ற வேண்டும். அதற்காக இறக்கைக்குள் ஒரு இணைப்புத் தண்டு ஓடுகிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் இடத்தில், ஒரு திசையில் மட்டும் சக்தியைக் கடத்தும் ஸ்ப்ராக் கிளட்ச் இருக்கிறது. அது தேய்ந்து ஒரு கணம் நழுவினால் அந்தப் பக்கத்துச் சக்தி முழுக்க மறுபக்கம் பாயும். உடனே கிளட்ச் மீண்டும் பிடித்துக்கொள்ளும்போது, ஓடும் இயந்திரத்தில் சம்மட்டி விழுந்தது போல அதிர்ச்சி ஏறும். 2022 ஜூன் 8 அன்று கலிஃபோர்னியாவில் மரைன் படையினர் ஐந்து பேர் இறந்தது இப்படித்தான். அன்று இரு பக்கமும் ஒரே நேரத்தில் இது நிகழ்ந்தது. 2023 பிப்ரவரி முதல், கிளட்ச் அடங்கிய அந்த உறுப்பை 800 பறப்பு மணி நேரத்துக்கு மேல் ஓட விடாமல் மாற்றச் சொன்னார்கள். நோய்க்கு மருந்து அதுவல்ல, காய்ச்சலைக் குறைத்தது. நிரந்தரத் தீர்வு, மறுவடிவமைத்த உறுப்புதான்.

கியர்பாக்ஸ் கதை 2023 நவம்பர் 29 அன்று ஜப்பானின் யாகுஷிமா தீவருகே எட்டுப் பேரின் உயிரைப் பறித்தது. இடப்பக்கக் கியர்பாக்ஸில் அதிவேகமாகச் சுற்றும் ஒரு சிறிய பினியன் பல்சக்கரத்தில் விரிசல் விட்டு, அது உடைந்து, துண்டுகள் பக்கத்துச் சக்கரத்தின் பற்களுக்குள் சிக்கின. உடைந்ததிலிருந்து இயக்கத் தொடர் முழுவதும் சிதைய ஆறே விநாடிகள்.

அந்த விரிசலுக்கு முன்னால் எச்சரிக்கைகள் வந்தன. கியர்பாக்ஸ் எண்ணெயில் ஒரு காந்தச் சென்சார் உண்டு. உலோகத் துருவல் ஒட்டினால் விமானியின் திரையில் செய்தி வரும். சென்சார் மின்சாரம் பாய்ச்சி அதை எரித்துவிடும். மயிரிழை போன்ற துருவல் சாதாரணத் தேய்மானத்திலும் வருவதுதான், அதனால்தான் இந்த ஏற்பாடு. அன்று ஐந்து முறை எரித்தது. ஆறாவது செய்தி, எரிக்க முடியாத அளவு பெரிய துண்டு என்றது. மூன்று முறை எரித்தாலே ‘வசதிப்பட்டவுடன் இறங்கு’ என்று கையேட்டில் இருந்தது. ‘முடிந்தவுடன் இறங்கு’ என்று இல்லை. தமிழில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு போலத் தெரியலாம். விமானிக்கு முதலாவது அவர் விருப்பத்துக்கு விட்ட விஷயம், இரண்டாவது கிட்டத்தட்ட ஆணை. அருகில் இறங்கியிருக்கலாம் என்பதால், பறப்பைத் தொடர்ந்த முடிவையும் விசாரணை காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த வாசகத்தை எழுதியவர்களின் பொறுப்பையும் நாம் மறக்கக் கூடாது.

விரிசலின் வேர் எஃகில் இருந்தது. உருக்கும்போது உலோகமல்லாத நுண்துகள் உள்ளே தங்கிவிட்டால், சுமை ஏறி ஏறி இறங்கும்போது விரிசல் அங்கேதான் பிறக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளக்கும் பல்சக்கரம். இதற்கான மாற்று, மூன்று முறை உருக்கிய எஃகு. வழக்கமான இரண்டு உருக்கல்களுக்கு நடுவே, கசடுப் படலத்தின் வழியாகச் சொட்டுச் சொட்டாக வடியவிடும் இன்னொரு உருக்கலைச் சேர்த்தால் துகள்கள் அந்தக் கசடிலேயே பிடிபடும். படை முழுவதும் மாற்ற ஆண்டுகள் பிடிக்கும். விபத்துக்குப் பின் மூன்று மாதம் தரையில் நின்ற ஆஸ்ப்ரேகள் 2024 மார்ச் 8 அன்று பறக்க அனுமதிக்கப்பட்டன. இறங்கத் தகுந்த ஓடுபாதையிலிருந்து 30 நிமிடத் தொலைவுக்கு அப்பால் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு தொடர்ந்தது.

அமெரிக்கத் தரைப்படைக்காக 2022 டிசம்பரில் தேர்வான பெல் நிறுவனத்தின் வி-280 பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆஸ்ப்ரேயில் எஞ்சினே முழுதாக நிமிரும். வி-280இல் எஞ்சின் கிடையாகவே நிற்கும். சுழலி மட்டும் நிமிரும். எஞ்சினின் சூடான புகை தரையை நோக்கி நேராகப் பாயாது, பக்கவாட்டில் ஏறி இறங்கும் வீரர்களுக்கும் வழி கிடைக்கும். கியர்பாக்ஸும் இணைப்புத் தண்டும் அதிலும் உண்டு. எனவே அதன் எஃகையும் கிளட்சையும் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் அப்படியே இருக்கின்றன.

கேள்வி: பி-2 குண்டுவீச்சு விமானம் ஒன்று ஈரத்தால் விழுந்தது என்று படித்தேன். நம்பும்படியாக இல்லையே?

பதில்: நம்பலாம். 2008 பிப்ரவரி 23, குவாம் தீவின் ஆண்டர்சன் தளம். பி-2இன் உடலில் காற்றழுத்தத்தை அளக்கும் 24 சென்சார்கள் உண்டு. மழைக்குப் பின் அவற்றில் மூன்றில் ஈரம் புகுந்திருந்தது. ஈரத்தோடேயே அளவைச் சரிசெய்தார்கள், அதாவது தவறான அளவைக் கணினி ‘சரி’ என்று ஏற்றுக்கொண்டது. புறப்படும் முன் சூடேற்றியை இயக்கியதும் ஈரம் காய்ந்தது. தவறான திருத்தம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. உண்மையான வேகத்தைவிட 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) கூடுதலாகக் கருவி காட்டியது. போதிய வேகம் இல்லாமலேயே மேலெழுந்த விமானத்தின் மூக்கைக் கணினி தானாக 30 டிகிரி தூக்கிவிட்டது. இடது இறக்கை தரையில் உரசியது. இரு விமானிகளும் குதித்துத் தப்பினர். இழப்பு 140 கோடி டாலர்.

சூடேற்றியை முதலில் இயக்கி ஈரத்தைப் போக்கிவிட்டுப் பிறகு அளவைச் சரிசெய்வது என்ற எளிய வழி, 2006இல் அங்கே வந்த குழுவுக்குத் தெரிந்திருந்தது. வாய்மொழியாகச் சிலருக்குப் போனது, கையேட்டில் ஏறவில்லை. மொத்தம் 21 பி-2கள்தான் கட்டப்பட்டன என்பதையும் நினைவில் வையுங்கள். 2023 நவம்பர் 10 அன்று முதன்முதலாகப் பறந்த பி-21ஐக் குறைந்தது 100 வாங்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். நூறு விமானம் பறந்தால் இப்படிப்பட்ட ஈரங்கள் சீக்கிரம் தெரியவரும், உதிரிபாகங்களும் கிடைக்கும்.

கேள்வி: வானிலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் கேசி-46 டேங்கர் விமானத்தில் கேமரா வைத்ததே தவறா?

பதில்: கேமரா தவறில்லை. பழைய கேசி-135இல் எரிபொருள் குழாயை இயக்குபவர் வாலில் குப்புறப் படுத்துக் கண்ணாடி வழியே பார்ப்பார். கேசி-46இல் முன்பகுதியில் உட்கார்ந்து, சிறப்புக் கண்ணாடி அணிந்து முப்பரிமாணத் திரையைப் பார்க்கிறார். வெயில் குறிப்பிட்ட கோணத்தில் விழும்போது படம் வெளுத்து, தூரம் தப்பாகத் தெரிகிறது. குழாய் நுனி எரிபொருள் வாங்கும் விமானத்தின் மேல் உரசினால், ரேடாருக்குத் தப்ப உதவும் பூச்சு கீறிவிடும். புதிய கேமரா அமைப்பு 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. இன்னொன்று, குழாய் மிகவும் விறைப்பாக இருப்பதால் ஏ-10 போன்ற உந்துசக்தி குறைந்த விமானத்தால் அதை நெருக்கித் தள்ளி இணைந்திருக்க முடிவதில்லை.

போயிங் 2011இல் நிலையான விலைக்கு ஒப்பந்தம் போட்டது. கூடுதல் செலவெல்லாம் அதன் தலையில் விழுந்து, நட்டம் 700 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இன்னும் வடிவம் முடியாத பொருளுக்கு நிலையான விலை பேசுவது இரு தரப்புக்கும் கெடுதல் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: எஃப்-22 போர் விமானத்தை மீண்டும் தயாரித்தால் என்ன?

பதில்: விமானப்படையே கணக்குப் போட்டுப் பார்த்தது. 194 விமானத்துக்கு ஏறத்தாழ 5,000 கோடி டாலர் ஆகும் என்று 2017இல் வெளியான அறிக்கை சொன்னது. அந்தப் பணத்தைப் புதிய வடிவத்தில் போடுவதே மேல் என்று முடிவெடுத்தார்கள். 2025 மார்ச் 21 அன்று போயிங்குக்கு ஒப்பந்தம் கிடைத்த எஃப்-47 அந்த வடிவம். துணைக்கு வரும் ஆளில்லா விமானங்களில் ஒய்எஃப்க்யூ-42ஏ 2025 ஆகஸ்ட்டிலும் ஒய்எஃப்க்யூ-44ஏ அக்டோபரிலும் முதல் பறப்பை முடித்துவிட்டன.

கேள்வி: பொறியியல் மாணவன் நான். விபத்து அறிக்கைகளை எப்படிப் படிக்க வேண்டும்?

பதில்: அமெரிக்க விமானப்படை ஒரு விபத்துக்கு இரண்டு விசாரணை நடத்தும். பாதுகாப்பு விசாரணையில் சாட்சிகள் மனம்விட்டுப் பேச ரகசியம் காக்கப்படும்; அது வெளிவராது. உங்களுக்குக் கிடைப்பது மற்றது, விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கை. கடைசியிலுள்ள கருத்துப் பகுதிக்கு நேராகப் போய்விடாதீர்கள். நிகழ்வுகளின் நேரவரிசையைப் படித்துவிட்டு, எந்த நிமிடத்தில் என்ன எச்சரிக்கை வந்தது, அந்த எச்சரிக்கைக்குக் கையேட்டில் எழுதியிருந்த சொற்கள் எவை என்று ஒரு தாளில் இடமும் வலமுமாக இரண்டு வரிசையாக எழுதுங்கள். பிறகு பராமரிப்புப் பகுதியில் அந்த உறுப்பைக் கடைசியாக யார் எப்போது தொட்டார்கள் என்று தேடுங்கள். ‘காரணம்’ என்பதும் ‘கணிசமாகப் பங்களித்த அம்சம்’ என்பதும் அறிக்கையில் தனித்தனி. ஐல்சன் அறிக்கையில் தொடங்குங்கள். பீப்பாய்கள் பற்றிய பக்கங்களை விட்டுவிடாதீர்கள்.