நாத்தனாரும் நீராகாரமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் பரம்பரைச் சைவம். வைட்டமின் பி12 குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் வந்திருக்கிறது. பாதம் வேறு மரத்துப்போகிறது. தினமும் பழைய சோற்று நீராகாரம் குடித்தால் அதிலுள்ள பாக்டீரியாவே பி12 தந்துவிடும் என்கிறார் என் நாத்தனார். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நிறுத்தாதீர்கள். நாத்தனாரிடம் சண்டைக்கும் போகாதீர்கள். அவர் சொல்வதில் பாதி சரி. பி12-ஐச் செடி செய்வதில்லை, மாடு செய்வதில்லை, நாமும் செய்வதில்லை. பாக்டீரியாவும் ஆர்க்கியா என்ற இன்னொரு நுண்ணுயிர்க் கூட்டமும்தான் செய்கின்றன. பாலில் பி12 இருக்கிறதென்றால், அது பசுவின் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செய்து கொடுத்தது. தீவனத்தில் பி12-க்கு மூலப்பொருளான கோபால்ட் என்ற உலோகம் இல்லையென்றால் அங்கேயும் வேலை நின்றுவிடும்.

ஆனால் எல்லா பாக்டீரியாவுக்கும் அந்த வித்தை தெரியாது. நீராகாரத்தைப் புளிக்க வைக்கிற லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது. தெரிந்தவை நம் பெருங்குடலில் ஏராளமாக இருக்கின்றன. இருந்து என்ன பிரயோஜனம்? பி12-ஐ உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதி. பெருங்குடல் அதற்கு அப்புறம் வருகிறது. நம் வீட்டைத் தாண்டிப் போய் நிற்கிற தண்ணீர் லாரி கதைதான். முயல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: தன் புழுக்கையையே திரும்பத் தின்றுவிடும். நமக்கு மாத்திரையே மேல்.

'அப்படியானால் என் பாட்டி எப்படி நன்றாக இருந்தார்?' என்று அடுத்துக் கேட்பீர்கள். வகுப்பில் மாணவர்களும் இதையேதான் கேட்பார்கள். வேலூர் சி.எம்.சி.யில் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் செய்த ஆய்வை அப்போது எடுத்துச் சொல்வேன். 1980-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. நல்ல ஆரோக்கியமாக இருக்கிற தென்னிந்தியர்களின் சிறுகுடலிலும் பாக்டீரியா கணிசமாக இருக்கும். அவற்றில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா என்ற இரண்டு வகைகள் பி12 செய்யக்கூடியவை என்று காட்டினார்கள். சிறுகுடல் என்பதுதான் இதில் விசேஷம். உறிஞ்சுகிற இடத்துக்கு முன்னாலேயே சரக்கு தயார். பாட்டிக்கு இது கைகொடுத்திருக்கலாம், கூடவே அவர் குடித்த மோரும். உங்கள் குடலில் அப்படி நடந்தாலும் போதவில்லை என்பதை ரிசல்ட்டே சொல்லிவிட்டது.

நாளுக்குத் தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஒரு டம்ளர் பாலில் 1 மைக்ரோகிராமை ஒட்டிக் கிடைக்கும். ஆனால் கால் மரத்துப்போகிற அளவுக்கு வந்த பிறகு பாலை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. நரம்புக்கு நேர்கிற சேதம் நாள்பட்டால் முழுக்கத் திரும்பாமலே போகலாம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவரானால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் பி12-ஐக் குறைக்கும். நீராகாரத்தை ருசிக்காகத் தாராளமாகக் குடியுங்கள், சின்ன வெங்காயத்தோடு.

கேள்வி: என் மாமியார் கரைத்தால் இட்லி மாவு பொங்குகிறது, நான் கரைத்தால் இல்லை. கையிலுள்ள பாக்டீரியாதான் காரணமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கையைக் குறை சொல்லாதீர்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இட்லி மாவையே ஆராய்ந்து 1965-இல் எழுதினார்கள். மாவைப் பொங்க வைப்பது முக்கியமாக லூகோநாஸ்டாக் மெசென்டராய்டஸ் என்ற பாக்டீரியா. அது உளுந்தோடும் அரிசியோடும் வருகிறது. ஊறும்போதே பெருக ஆரம்பித்துவிடுகிறது. அது விடுகிற வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. மாமியார் ஒருவேளை புது உளுந்து வாங்குகிறாரோ, கிரைண்டரில் கொஞ்சம் கூடுதலாக ஓடவிடுகிறாரோ, பாருங்கள். கேட்டால் சொல்ல மாட்டார்.

கேள்வி: ஸ்பைருலினாவில் பி12 நிறைய என்று டப்பாவில் போட்டிருக்கிறதே?
- வாசகர், ஈரோடு

பதில்: அதில் இருப்பது பெரும்பாலும் போலி பி12. அமைப்பில் ஒத்திருக்கும், நம் உடம்புக்கு உதவாது. அந்தக் காசுக்குப் பால் வாங்கலாம்.