நடை மட்டும் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறார். ஆனாலும் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. இன்னும் அதிகமாக நடக்கச் சொல்லலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம்மா, நடை தாராளமாக இருக்கிறது. குறைவது தொடை பலம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் தந்த வழிகாட்டுதலில், 65 தாண்டியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, 2 நாள் தசைப் பயிற்சி, 3 நாள் சமநிலைப் பயிற்சி என்று தனித்தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளில் முதலாவதோடு நின்றுவிடுகிறோம்.

என்னிடம் சிகிச்சைக்கு வரும் பெரியவர்களுக்கு முதலில் நாற்காலியைத்தான் கொடுப்பேன். சுவரோடு ஒட்டிப் போட்ட மர நாற்காலி. பிளாஸ்டிக் வேண்டாம், வழுக்கும். மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காரட்டும். 8 முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி 8. கடைசி இரண்டும் சிரமமாக இருந்தால்தான் அளவு சரி. 12 சுலபமாக வந்ததும் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு செய்யலாம், அப்புறம் தாழ்வான இருக்கை. மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும். திங்கள், வியாழன் போதும். வேறு 3 நாள் சமையல் மேடையைப் பிடித்து ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்கட்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நாற்காலிப் பயிற்சியைத் தினமும் செய்கிறேன் என்று அடம்பிடிப்பார், விடாதீர்கள். தசை தேற இடைவெளி வேண்டும்.