ராமாவும் மீன்வேலியும்

அன்புள்ள ஐயா,

கனடாவில் டொரொண்டோவுக்கு வடக்கே இருக்கும் ஒரிலியாவுக்கு நீங்கள் போய்வந்ததைப் பற்றி எழுதியதை வாசித்தேன். நாங்களும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை அந்தப் பக்கம் போவோம். ஏரி பார்க்க இல்லை, கசினோ ராமாவுக்கு. மாமிக்கு அந்தச் சூதாட்ட மெஷின் என்றால் உயிர். முதல் தடவை போர்டைப் பார்த்ததும் காருக்குள்ளேயே கைகூப்பிவிட்டார். அது எந்த ராமா? அப்புறம் ஒரு சந்தேகம். ஒரு ஏரி, ஒரு பாட்டுக்காரரின் சிலை, நாலு ஐஸ்கிரீம் கடை. இருநூறு வருடத்துக்கு முன்னால் வெறும் காடாகக் கிடந்த ஊருக்கு என்ன வரலாறு?

எஸ்., ஸ்கார்பரோ

அன்புள்ள எஸ்.,

மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அது நம் ராமர் இல்லை. ஸ்பானிய மொழியில் ராமா என்றால் கிளை. பக்கத்திலேயே ஓரோ என்று ஓர் ஊர் இருக்கிறது. பொன் என்று அர்த்தம். ஒரிலியாவும் கரையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ராமாவையும் நான் அந்த வரிசையில்தான் வைக்கிறேன்.

கசினோ நிற்பது சிப்பேவா என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில். அவர்கள் அங்கே ஆசைப்பட்டுப் போனவர்கள் இல்லை. 1830இல் அரசாங்கமே அவர்களை இன்றைய ஒரிலியா இருக்கும் கரையில் குடியமர்த்தியது. காடு வெட்டி, வீடு கட்டி, விளைச்சல் கண்ட பிறகு, 1836இல் அந்த நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டது. தலைவர் யெல்லோஹெட்டும் அவருடைய ஆட்களும் கிழக்குக் கரைக்குப் போய், தங்கள் சொந்தக் காசில் ராமாவில் நிலம் வாங்கினார்கள். அந்தக் கணக்கு தீர 2012 ஆகிவிட்டது. ராமா மக்களோடு சேர்த்து நான்கு பூர்வகுடிச் சமூகங்களுக்குக் கிடைத்தது 30 கோடியே 70 லட்சம் டாலர்.

வெறும் காடு என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். சிம்கோ ஏரியும் கூச்சிச்சிங் ஏரியும் சந்திக்கும் இடம் குறுகலான ஒரு கால்வாய் போல இருக்கும். மீன்கள் அதன் வழியாகத்தான் ஏரி மாறியாக வேண்டும். அங்கே தண்ணீருக்குள் வரிசையாகக் கம்புகளை அடித்து, இடையில் மிலாறு பின்னி, மீன் போக ஒரே ஒரு வாசல் விட்டிருக்கிறார்கள். வாசலில் வலை. அந்தக் கம்புகளில் பழையவை ஏறக்குறைய 5,000 வருடத்துக்கு முந்தியவை. 1615இல் பிரெஞ்சுக்காரர் சாம்ப்ளேன் வந்தபோது வெண்டாட் என்ற பூர்வகுடி மக்கள் அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு படகு போக ஆழப்படுத்தியதில் நிறையக் கம்புகள் போய்விட்டன. மிச்சம் அடிச்சேற்றில் இருக்கிறது.

‘நீரில் மரங்கள் நிற்கும் இடம்’ என்பதற்கு மொஹாக் என்ற பூர்வகுடி மொழியில் ‘ட்கரொண்டோ’. பழைய பிரெஞ்சு வரைபடங்களில் சிம்கோ ஏரியின் பெயரே டரொண்டோ ஏரி. அங்கிருந்து தெற்கே போகும் நடைபாதைக்கும் அதே பெயர் ஒட்டி, பாதை முடிந்த ஒன்ராறியோ ஏரிக்கரைக் கோட்டைக்கும் போய், 1834இல் நகரத்துக்கே வந்து சேர்ந்தது. நீங்கள் கடித உறையில் எழுதுகிற டொரொண்டோ ஒரு மீன்வேலியின் பெயர்.

நீங்கள் சொன்ன பாட்டுக்காரர் கார்டன் லைட்ஃபுட், 1938இல் அந்த ஊரில் பிறந்தவர். நகைச்சுவை எழுத்தாளர் ஸ்டீபன் லீகாக்கின் ஏரிக்கரை வீடும் மியூசியமாக இருக்கிறது. இவர்களுக்கு ஊரில் குறையே இல்லை, விட்டுவிடுகிறேன்.

ஒரிலியாவில் பெயர் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று முத்திரை குத்தி, பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற பெரிய விடுதி ஒன்று அங்கே 1876இல் தொடங்கி 2009 வரை நடந்தது. அடியும் அவமானமும்தான் அங்கே வளர்ப்பு. அங்கே வளர்ந்தவர்கள் வழக்குப் போட்டு, 2013இல் மாகாண முதல்வர் சட்டசபையில் மன்னிப்புக் கேட்டார். அதன் இடுகாட்டுக் கற்கள் பலவற்றில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஊர்ப் பெயருக்கெல்லாம் அர்த்தம் தேடுகிற எனக்கு, அதைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அடுத்த முறை ஒரிலியா வழியாக 12ஆம் நெடுஞ்சாலையில் போங்கள். கசினோவுக்குத் திரும்புவதற்கு முன் ஒரு பாலம் வரும். மீன்வேலி இருந்த இடம் அதுதான். நான் போன அன்று கலங்கலான தண்ணீரும், மேலே இரண்டு மோட்டார் படகும், தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரும்தான் கண்ணில் பட்டார்கள். அவருக்கும் மீன் மாட்டவில்லை.